மிச்சக் கிளாஸ்

நவம்பர் 10, திங்கள்

காலையில் பால் அடி பிடித்துவிட்டது. தீய்ந்த வாடை தெருமுனை வரைக்கும் வந்ததாம், எங்காளு டீக்கடையிலிருந்து ஓடி வந்து பாத்திரத்தை இறக்கினார். நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். உனக்கு வாடை அடிக்கலியா என்று கேட்டார். பால்காரன் ஊத்துறது தண்ணிதானே, தண்ணி தீஞ்சா வாடை எங்கேருந்து வரும் என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவரைச் சிரிக்க வைத்துவிட்டால் கேட்ட கேள்வி அவருக்கே மறந்துபோகும். இருபத்தாறு வருஷமாக எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடுகிறது.

இந்த டைரி சின்ன முதலாளி கொடுத்தது. புது விஸ்கி முடிகிற வரைக்கும் தினமும் மனசில் பட்டதை இதில் எழுதி, அதிலிருந்து நாலு வரியை ஆபீஸ் நோட்டில் ஏற்ற வேண்டுமாம். அட்டையில் அச்சடிக்கப் போவது என் வார்த்தைதான். நான் படித்தது அஞ்சாவது. ஆனாலும் கம்பெனியில் எனக்கு மெத்தை வைத்த நாற்காலி உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பாட்டில் கழுவுகிற வரிசையில் நின்றுகொண்டு, மூன்றாம் நம்பர் டேங்கில் மண்ணெண்ணெய் வாசம் வருகிறது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். குழாயைக் கழற்றிப் பார்த்த பிறகு ஒருத்தரும் சிரிக்கவில்லை. மறுநாளே பெரிய முதலாளி என்னை லேபில் உட்கார வைத்தார். பூங்காவனம் என்கிற பெயர் போய் மூக்கம்மா ஆகிவிட்டேன்.

புது விஸ்கி என்றால் போர்பன். அமெரிக்காவில் சோளத்தில் காய்ச்சி, நாலு வருஷம் பீப்பாயில் தூங்க வைத்து, கப்பலில் ஏற்றி இங்கே பாண்டிச்சேரிக்கு வந்திருக்கிறது. இனி நம்ம ஊர் மரத்தில் மூன்று வாரம் ஊற வேண்டும். வேங்கை மரம். சர்க்கரை வியாதிக்காரர்கள் ராத்திரி தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிப்பார்களே, அந்த டம்ளர் செய்கிற மரம். டிசம்பர் ஆறாம் தேதி பாட்டிலில் அடைக்கிறோம்.

நவம்பர் 11, செவ்வாய்

அடைமழை. பாகூர் கோதண்டம் ஆசாரி பட்டறையிலிருந்து மரம் வந்தது. இரண்டு கட்டு. ஒன்று டேங்குக்குள் போடுகிற வேங்கை, இன்னொன்று பாட்டில் வைக்கிற பெட்டி செய்வதற்கான மரம். ஆசாரி சாக்பீஸில் எழுதித்தான் அனுப்பியிருக்கிறார். தார்ப்பாய் இல்லாத வண்டியில் வந்ததால் எழுத்தெல்லாம் மழையில் போய்விட்டது. ஆசாரிக்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருக்கிறார். மகள் வீட்டுக்குப் பேரப்பிள்ளை காது குத்துக்குப் போயிருக்கிறாராம்.

வண்டிக்காரன் கையை விரித்தான். சின்ன முதலாளி மட்டும் கவலையே படவில்லை. மூக்கம்மா இருக்கும்போது நமக்கு எதுக்கு சாக்பீஸ் என்றார்.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். நானும் டிவியில் வருகிற சாமியாரம்மா மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, இந்தக் கட்டை மோந்து, அந்தக் கட்டை மோந்து, மறுபடியும் இந்தக் கட்டை மோந்து, இடது பக்கத்தைக் காட்டினேன். "இதான் வேங்கை. கிட்ட போனாலே உறுமுது," என்றேன். கைதட்டினார்கள். அங்கேயே பீப்பாய் உருட்டுகிற எங்காளுதான் தூக்கிக்கொண்டு போய் அடுக்கினார்.

வலது பக்கக் கட்டிலிருந்து ஒழுகிய தண்ணீர் மயில் கழுத்து மாதிரி நீலமாக மின்னியது. சாயம் பூசின மரம் போல, அது பெட்டிக்கே போகட்டும் என்றேன்.

என்ன மாதிரி வாசம் அக்கா என்று மெர்லின் கேட்டாள். எங்கள் கெமிஸ்ட். மழை நாளில் வாசத்தை வெளியில் சொல்லக் கூடாது என்றேன்.

நவம்பர் 14, வெள்ளி

மரத்தை விரல் தடிமனுக்கு அறுத்து, கரி நெருப்பில் பழுப்பாக வாட்டி, டேங்குக்குள் இறக்கிவிட்டார்கள். மாலையே முதல் ருசி.

வேலை முறையை எழுதிவைக்கிறேன். இரண்டு கிளாஸில் ஊற்றுவார்கள். மெர்லினுக்கு இது ஆறாவது மாசம், அதனால் அவள் வாயில் வைப்பதில்லை, மோந்து மட்டும் பார்ப்பாள். நான் ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டிச் சொம்பில் துப்புவேன். முன்பெல்லாம் நான் சொல்ல, அவள் எழுதுவாள். இப்போது முதலில் அவளைச் சொல்லச் சொல்கிறேன். சின்னப் பெண், அவளுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா.

கிளாஸில் மிச்சம் இருப்பது எங்காளுக்கு. அது கம்பெனிக்கே தெரிந்த பழக்கம். கல்யாணமான புதிதில் அவர் சாப்பிட்ட இலையில்தான் நான் சாப்பிட வேண்டும் என்று மாமியார் சட்டம் போட்டிருந்தார். மாமியார் இருந்த ஏழு வருஷமும் எச்சில் இலைதான். நான் லேபுக்கு வந்த நாளிலிருந்து அது திரும்பிவிட்டது. பீப்பாய் உருட்டி முடித்துவிட்டு, நாலு மணிக்குத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கோயில் தீர்த்தத்துக்கு நிற்பது போல லேப் வாசலில் வந்து நிற்பார். இரண்டு கிளாஸ் மிச்சத்தையும் ஒன்றாக ஊற்றிக் கொடுப்பேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பொண்டாட்டி எச்சில்தான்யா பூலோகத்திலேயே ஒசத்தி என்பார்.

ஆபீஸ் நோட்டு:
நிறம்: தேன்.
மணம்: வெண்ணிலா, காய்ந்த ஆரஞ்சுத் தோல். (மெர்லினும் அதையே சொன்னாள்.)
நாக்கு: வெல்லப்பாகு.
பின்சுவை: இளஞ்சூடு.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை ஒன்று. சின்ன முதலாளி சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டார். கறுப்பு வேட்டி, வெறுங்கால், கழுத்தில் துளசி மணி. சாராய பேக்டரிக்குள் சாமி நடந்து போவதைப் பார்க்கத்தான் நான் இத்தனை வருஷம் உயிரோடு இருந்தேன் போலிருக்கிறது. இனி மகரஜோதி வரைக்கும் ஒரு சொட்டு தொட மாட்டாராம். "இனிமே உங்க வாய்தான் என் வாய், மூக்கம்மா," என்றார். என் வாய் ரொம்ப நீளம் சாமி, உங்களுக்குத் தாங்காது என்றேன்.

லேபில் கற்பூரம் ஏற்றினார்கள். எனக்குக் கண் மட்டும் எரிந்தது.

நாக்கில் லேசாகக் கசந்தது. புரட்டாசியில் பத்து நாள் காய்ச்சலில் கிடந்ததிலிருந்து எனக்குக் காப்பியும் கசப்புதான், வெறும் வாயும் கசப்புதான். மாத்திரை செய்த வேலை. அதைப் போய் விஸ்கி மேல் ஏற்றக் கூடாது.

நாக்கு: வெல்லப்பாகு, வறுத்த முந்திரி.

நவம்பர் 19, புதன்

பீப்பாய் உருட்டும்போது இரும்பு வளையம் கிழித்து எங்காளுக்கு உள்ளங்கையில் வெட்டு. மஞ்சள் வைத்துக் கட்டினேன். பீப்பாய்க்கே உன்னைப் பிடிக்கலை பாரு என்றேன். பீப்பாய்க்குப் பொறாமை, உன்னைத்தானே தினமும் கட்டிக்கிட்டுப் படுக்கிறேன் என்கிறார். ஐம்பத்திரண்டு வயசுக்குப் பேச்சைப் பார்.

விஸ்கி இன்று கொஞ்சம் கூடவே கசந்தது. மாத்திரையை நிறுத்தி ஒரு மாசம் ஆகிறது. உடம்பில் தங்கியிருக்கும்.

நவம்பர் 20, வியாழன்

சாயங்காலம் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. எங்காளு உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு முழம் துள்ளினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு சும்மா இருக்க முடியாமல் பின்னாலிருந்து தட்டைத் தரையில் போட்டேன். மறுபடியும் துள்ளினார். அவர் சிரிக்கவில்லை. தொடைச் சதை தோலுக்கடியில் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடங்கியது.

வயசாகிறது என்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

மெர்லின் இடுப்பு வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். முன்பு யாராவது பவுடர் பூசிக்கொண்டு லேபுக்குள் வந்தாலே குழாயடிக்குத் துரத்துவேன், அது எல்லோருக்கும் தெரியும். நான் பாட்டுக்குக் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். "அக்கா, நான் தைலம் தேச்சிருக்கேன். உங்களுக்கு இடைஞ்சலா இல்லியா?" என்று கேட்டாள். புள்ளத்தாச்சிக்கு எல்லாம் மன்னிப்பு என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

இந்தக் காலத்துப் பெண்களுக்குக் கிண்டல் புரிவதில்லை.

நாக்கு: பேரீச்சை, வெல்லம்.

நவம்பர் 23, ஞாயிறு

லீவு. நேற்று தாடை கெட்டியாக இருக்கிறது, கழுத்து திரும்பவில்லை என்று அவர் கஞ்சிதான் குடித்தார். இன்றைக்கு ஒன்றுமே இல்லை. மத்தி மீன் குழம்பு, இரண்டு தட்டுச் சோறு. வேலை என்றால் நோவு, லீவு என்றால் சுகம், உன் உடம்புக்கு நல்லா நாள் கிழமை தெரியுது என்றேன்.

மீன் கொஞ்சம் கெட்டது போலிருக்கிறதே, வாங்கும்போது பார்க்கலியா என்றார். நான் சாப்பிட்டேனே, நல்லாத்தான் இருந்தது.

நவம்பர் 25, செவ்வாய்

நாலரை மணிக்கு லேப் வாசலில் அவருக்கு மிச்சத்தை ஊற்றிக் கொடுத்துவிட்டு வழக்கம் போல வம்பளந்துகொண்டிருந்தோம். சாமியைப் பற்றி ஒரு கிண்டல் சொன்னேன், சாமி மலைக்குப் போய்விட்டு வருவதற்குள் டேங்க் அவரைத் தேடி மாலை போட்டுக்கொள்ளும் என்று. சிரித்தார். நான் பேச்சை மாற்றி வீட்டு ஒழுகலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்த பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தார். பல் தெரிந்தது, கண்ணில் சிரிப்பில்லை. போதும்யா என்றேன். கையால் தாடையைப் பிடித்து அமுக்கி வாயை அவரே மூடிக்கொண்டார்.

பின்னால் யாரோ காலிப் பாட்டில் பெட்டியைத் தொப்பென்று வைத்தார்கள். முதுகு விறைத்துச் சுவரில் சாய்ந்துவிட்டார்.

என் கழுத்தும் இரண்டு நாளாக விறைப்புத்தான். மழை ஈரம்.

ஆபீஸ் நோட்டு:
நிறம்: பழுப்புத் தேன்.
மணம்: வெண்ணிலா, சுட்ட சர்க்கரை, ஈர மரம். (மெர்லின்.)
நாக்கு: வெல்லம், முந்திரி.
பின்சுவை: நீளமானது. போகமாட்டேன் என்கிறது.

கடைசி வரியை சின்ன முதலாளி படித்துவிட்டு ரொம்பப் பிரமாதம் என்றார். அட்டையில் அதைத்தான் போடப் போகிறாராம்.

நவம்பர் 26, புதன்

டாக்டரிடம் காட்டினோம். கையில் இருந்த வெட்டைப் பார்த்ததும் கேட்டார், இரும்பு கிழித்ததா என்று. ஆமாம் என்றோம். தாடை இறுகுவதும் சத்தத்துக்குத் தூக்கிப்போடுவதும் அதனால் வருகிற ரண ஜன்னியாக, டெட்டனஸாக இருக்கலாம், உடனே வந்தீர்கள், நல்லது என்றார். பெரிய ஊசி இரண்டு. ஒரு வாரம் வீட்டில் படுத்திருக்க வேண்டும், சத்தம் கூடாது, மறுபடி இழுத்தால் பெரிய ஆஸ்பத்திரி.

காரணம் தெரிந்ததில் மனசு லேசானது. பீப்பாய்தான் எமன் என்றால் பீப்பாயைத் திட்டிவிட்டுப் போகலாம்.

நவம்பர் 27, வியாழன்

பரவாயில்லை.

நவம்பர் 28, வெள்ளி

எழுந்து நடந்தார். நாலு மணி ஆனதும், இந்நேரம் என் தீர்த்தத்தை எவன் குடிக்கிறான் என்று போன் போட்டுக் கேட்கிறார். சொம்புதான் குடிக்கிறது என்றேன். நிஜமாகவே இப்போதெல்லாம் மிச்சத்தைக் கொட்டிவிடுகிறேன்.

நவம்பர் 30, ஞாயிறு

நன்றாக ஆகிவிட்டார். குக்கர் விசிலுக்கு அசையவில்லை. நான் வேண்டுமென்றே தட்டைப் போட்டேன், திரும்பிப் பார்த்து முறைத்தார். அந்த முறைப்பைப் பார்த்து எத்தனை நாளாகிறது. சுடச்சுட இட்லி எட்டு.

ஊசி நல்ல ஊசி.

டிசம்பர் 1, திங்கள்

இன்றைக்கு ருசி பார்த்ததும் உடனே துப்பிவிட்டேன். நாக்கு நடுவில் தொடங்கித் தொண்டை வரை கசப்பு இறங்கியது. தண்ணீர் கொப்பளித்தேன், மோர் குடித்தேன், போகவில்லை.

மெர்லினைக் கேட்டேன், வாசத்தில் கசப்பு ஏதாவது தெரிகிறதா என்று. "கசப்பு வாசத்துல எப்படிக்கா தெரியும்? வாயிலதானே தெரியும்? உங்களுக்குக் கசக்குதா?" என்றாள்.

பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கசப்பு என்று எழுதினால் சின்ன முதலாளி எங்கிருந்து வருகிறது என்று கேட்பார். மரமா, சோளமா, பீப்பாயா, மோந்து சொல்லுங்கள் என்பார். கிளாஸை நீட்டுவார். நாலு பேர் சுற்றி நிற்பார்கள்.

நாக்கு: வெல்லம், முந்திரி, லேசாகக் காப்பிக்கொட்டை.

காப்பிக்கொட்டை என்றால் கசப்பும் ஆயிற்று, பொய்யும் இல்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

நாளைக்குத் தீபம். அகல் வாங்கினேன், பொரி வாங்கினேன். எங்காளு நாலு நாளாக நச்சரித்து எடுத்துவிட்டார், ஆள் தேறிவிட்டேன், என் பங்கு எங்கே என்று. இன்று ருசி பார்த்த மிச்சத்தை ஒரு சின்ன இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றி முந்தானைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். ஏழு நாள் பாக்கி இருக்கே என்றார். நாளைக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் தருவேன் என்று அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருக்கிறேன்.

டிசம்பர் 3, புதன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு விளக்கு வைத்தோம். அவர்தான் மாடிப்படி முழுக்க அகல் அடுக்கினார். பாட்டிலைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "ஏ பூங்கா, உன் எச்சில் இன்னிக்கு இன்னா இப்படிக் கசக்குது?" என்றார். "இருபத்தாறு வருஷம் கழிச்சி இன்னிக்குத்தான் ருசி தெரிஞ்சிதா?" என்றேன். சிரித்துக்கொண்டே மிச்சத்தையும் கவிழ்த்துக்கொண்டார்.

அரை மணி இருக்கும். தெருவில் பிள்ளைகள் தீபாவளி மிச்ச வெடியைக் கொளுத்தினார்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பழையபடி ஏதோ கிண்டல் செய்து, சிரித்தேன். அவர் வாய் இன்னும் விரிந்தது. நானும் சிரித்தேன். பிறகு முதுகு வில்லாக வளைந்தது. தலையும் குதிகாலும் மட்டும் தரையில், நடு உடம்பு அந்தரத்தில். கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நினைவு தப்பவில்லை. எல்லாம் தெரிந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார், அந்தச் சிரிப்போடு. அடுத்த வெடி. மறுபடியும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்தார். வழியெல்லாம் தெருவுக்குத் தெரு வெடி.

டிசம்பர் 4, வியாழன், காலை

இருட்டு அறையில் வைத்திருக்கிறார்கள். வாய்க்குள் குழாய். தூக்கத்துக்கு மருந்து இறங்குகிறது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள், நர்ஸ் சைகையில்தான் பேசுகிறாள். நான் அவர் பேரை மெதுவாகச் சொன்னேன். அதற்கே உடம்பு துள்ளியது. உங்கள் குரல்கூட வேண்டாம் அம்மா என்று வெளியே கொண்டுவந்து விட்டாள்.

பெரிய டாக்டர் அம்மா கேட்டார். ரண ஜன்னி என்றால் நாளுக்கு நாள் ஏறும், இப்படி நடுவில் ஒரு வாரம் சுத்தமாக விட்டுவிட்டு வராது. ஞாயிற்றுக்கிழமை நல்லா இருப்பார் என்கிறீர்கள், வீட்டில் இருந்தால் நல்லா இருப்பார் என்கிறீர்கள். வேலை நாளில் மட்டும் அப்படி என்ன சாப்பிடுகிறார்? யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

சோறுதான் என்றேன்.

அதே நாள், பதினோரு மணி

கோதண்டம் ஆசாரி இரண்டு சாத்துக்குடியோடு பார்க்க வந்தார். நேற்றுத்தான் மகள் வீட்டிலிருந்து திரும்பினாராம். எங்காளுக்குச் சின்ன வயசு சிநேகிதர். என்ன பேசுவது என்று தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர்தான் ஆரம்பித்தார், மழையில் எழுத்து அழிந்துபோச்சாமே, எப்படிப் பிரித்தீர்கள் என்று. நான் மோந்து பார்த்துச் சொன்னேன் என்றேன்.

"மோந்து எதுக்கும்மா பார்க்கணும்? ஒரு துண்டைத் தண்ணியில போட்டா போதுமே. வேங்கை தண்ணியை நீலமாக்கிடும். மயில் கழுத்தாட்டம். கொழந்தகூடச் சொல்லிடும்."

நீலமாக ஒழுகிய கட்டைத்தான் நான் பெட்டிக்கு அனுப்பினேன். இன்னொரு கட்டு என்ன மரம் என்று கேட்டேன்.

"அது எட்டி. கட்டில் செய்வேன் இல்ல, அதுல மிஞ்சினது. பூச்சி அரிக்காது. பெட்டிக்குள்ள பாட்டில்தானே நிக்கப் போவுது, யாரு நக்கப் போறாங்க?"

எட்டி.

ஊரில் மாடுகூட அந்த மரத்தடியில் மேயாது. அதன் காயை உடைத்துத்தான் தெரு நாய்க்கு வைப்பார்கள். வைத்த நாய் எப்படிச் சாகும் என்று சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். பல்லைக் காட்டிக்கொண்டு, வில்லாக வளைந்து.

ஆசாரி போனதுகூடத் தெரியவில்லை. டாக்டர் அம்மா என் முன்னால் மூன்று தடவை நடந்து போனார். முதல் தடவை எழுந்தேன், உட்கார்ந்துவிட்டேன். சொன்னால் நான்தான் கட்டைக் காட்டினேன் என்று சொல்ல வேண்டும். எப்படித் தப்பாகக் காட்டினாய் என்றால் அதையும் சொல்ல வேண்டும். பதினோரு வருஷ நாற்காலி. இரண்டாம் தடவை அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார் என்று சாக்கு வைத்துக்கொண்டேன். மூன்றாம் தடவை கதவு திறந்து மூடுகிற சத்தத்துக்கு உள்ளே கட்டில் அதிர்வது வெளியே கேட்டது.

கோட்டைப் பிடித்து நிறுத்திச் சொன்னேன். "எட்டி மரம் ஊறின சாராயம். நான்தான் குடுத்தேன். தினமும் என் கையாலதான் குடுத்தேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. கேட்ட உடனே உள்ளே ஓடினார்.

அதே நாள், மாலை

சின்ன முதலாளி வெறுங்காலோடு ஓடி வந்தார். பின்னாலேயே மெர்லினும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் ஆபீஸ் நோட்டைக் கையில் வைத்திருந்தார். பதினைந்து நாள் குறிப்பையும் புரட்டிக் காட்டினார். வெல்லம், முந்திரி, பேரீச்சை, காப்பிக்கொட்டை. ஒரு இடத்தில்கூடக் கசப்பு என்று இல்லையே என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது கிண்டலாகச் சொல்லித் தப்பித்திருப்பேன். அழுவது போலக் கேட்டார்.

"நீங்க மோந்து பார்த்துத்தானே காட்டுனீங்க, மூக்கம்மா?"

"எனக்கு மூக்கு இல்ல சாமி. காய்ச்சலோட போயிடுச்சி. மல்லியும் தெரியல, மலமும் தெரியல. ரெண்டு கட்டுல ஒண்ணுன்னு கையக் காட்டிட்டேன்."

மெர்லின் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வந்த அன்றைக்கே தெரியும்போலிருக்கிறது. பெரியவள் நான், எப்படிக் கேட்பது என்று இருந்திருக்கிறாள்.

சின்ன முதலாளி வராந்தாத் தரையில் அப்படியே உட்கார்ந்தார். கழுத்து மணியை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு பேக்டரிக்குப் போன் போட்டு டேங்கைப் பூட்டி சீல் வைக்கச் சொன்னார், ஒருத்தரும் கிட்டப் போகக் கூடாது என்றார். நாளை மறுநாள் அடைத்திருந்தால் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மெர்லின் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போகும்போது நோட்டைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனார். வேண்டுமென்றா, மறந்தா, தெரியவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

மருந்தை மாற்றியிருக்கிறார்கள். இந்த ஒரு பகல் தாண்டட்டும், பிறகு சொல்கிறேன் என்றார் டாக்டர் அம்மா. தாண்டிவிடும் என்று சொல்லவில்லை. நான் இரண்டு தடவை கேட்டேன். அதே வாக்கியத்தைத்தான் இரண்டு தடவையும் சொன்னார்.

கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டார்கள். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. வெறும் முகம். சிரிக்காத அவர் முகத்தை இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. நான் எப்போதும் நடுவில் ஏதாவது சொல்லிவிடுவேன்.

இப்போது சொல்லக் கூடாது. நான் சொல்லி அவர் சிரித்தால், மறுபடி இழுக்க அந்த ஒரு சிரிப்பே போதுமாம். வாயில் வருவதையெல்லாம் விழுங்கிக்கொண்டு நிற்கிறேன். ஒரு கிண்டல் மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன், குழாயை எடுத்த பிறகு சொல்வதற்கு.

நர்ஸிடம் பேனா வாங்கி ஆபீஸ் நோட்டில் கடைசிப் பக்கத்தை எழுதினேன். பிழை இருந்தால் மெர்லின் திருத்திக்கொள்ளட்டும்.

நிறம்: தேன். அதில் ஒரு குறையும் இல்லை.
மணம்: தெரியாது. முதல் நாளிலிருந்தே தெரியாது.
நாக்கு: கசப்பு. மூன்றாம் நாளிலிருந்தே கசப்பு.
பின்சுவை:

இந்த வரியை விட்டுவைத்திருக்கிறேன். அவர் கண் திறந்ததும் எழுதுகிறேன்.